வடக்கு முகத்துவாரம், திரும்பும் நேரம் ஒரு மணி

எங்கள் படகுத்துறையில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறது. வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு தூண்டில் போடப் போகும் படகுக்காரர்கள் கிளம்பும் முன் அதில் நான்கு விஷயம் எழுதியாக வேண்டும். படகு எண், எத்தனை பேர், எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள். எண்ணை எல்லோரும் சரியாக எழுதுவார்கள். ஆள் கணக்கும் எப்போதும் சரியாக இருக்கும். நேரம் கொஞ்சம் முன்பின் ஆகலாம். இடத்தை மட்டும் ஒருவர்கூட உண்மையாக எழுதியதில்லை.

துறையில் மொத்தம் ஏழு படகு. ஊருக்குப் பின்னால் காயல். காயலைத் தாண்டினால் அலையாத்திக் காடு, அதற்குள் நரம்பு நரம்பாகப் பிரிந்து போகும் ஓடைகள். நகரத்திலிருந்து வருகிறவர்கள் அங்கே கொடுவா மீனைத் தூண்டிலில் பிடித்து, கையில் தூக்கிப் பார்த்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இதற்கா இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று முதலில் ஊரே சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் படகு வாங்கியது. மீன் நிற்கும் இடம் தெரிந்தவரைத் தேடித்தான் ஆள் வரும். அந்த இடம் அடுத்தவனுக்கும் தெரிந்துவிட்டால் ஒரே மாதத்தில் அங்கே மீன் இருக்காது. அதனால் பலகையில் பொய் எழுதுவதை எங்கள் துறையில் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"இந்தப் பலகையை நம்பினா நேத்து ஏழு படகும் வடக்கு முகத்துவாரத்துலதான் நின்னிருக்கணும்" என்பார் துறையைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். "அங்க ரெண்டு படகு திரும்பவே இடம் கிடையாது."

ஏழு பேரில் ஒருவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் படுக்கும்போதுதான் மூடுவார். அவர் ஒருமுறை பலகையில் 'மாமியார் வீடு' என்று எழுதிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் கோபப்பட்டதற்கு, "ஏன் சார், எல்லாரும் போகாத இடத்தைத்தானே எழுதறாங்க" என்றார்.

நான் சொல்ல வந்தது என் அக்காவின் கணவரைப் பற்றி. நான் மாமா என்று கூப்பிடுவேன். துறையில் அவருக்குக் கொக்கு என்று பெயர். படகின் பின்பக்கம், இன்ஜினுக்கு மேலே, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு மேடை இருக்கும். ஆழமில்லாத ஓடைக்குள் இன்ஜினை நிறுத்திவிட்டு அதில் ஏறி நின்று, நீளக் கோலைச் சேற்றில் ஊன்றிப் படகைத் தள்ள வேண்டும். அவ்வளவு உயரத்தில் நின்றால்தான் தண்ணீருக்குள் மீன் தெரியும். மாமா ஒரு காலில் பாரம் கொடுத்து, கழுத்தை நீட்டி, சத்தமே இல்லாமல் மணிக்கணக்கில் நிற்பார். பேச்சும் அப்படித்தான். "இடது பக்கம்", "இப்ப போடுங்க", "விடுங்க, ஓடட்டும்" என்கிற மூன்று பேச்சிலேயே ஒரு நாள் தொழில் முடிந்துவிடும்.

இடத்தை மறைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர் பார்க்க வடக்கே போவார். முதல் தீவுக்குப் பின்னால் இன்ஜினை அணைத்துக் கால் மணி நேரம் காத்திருப்பார், யாராவது பின்னால் வருகிறார்களா என்று. பிறகுதான் தென்மேற்கே திரும்புவார். காட்டுக்குள் நுழையும் முன் வந்தவர்களின் போனை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். படம் எடுத்தால் போனே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். மீனோடு படம் வேண்டும் என்பவர்களுக்கு அவரே ஒரு பழைய கேமரா வைத்திருந்தார். அதிலும் பின்னால் மரம் தெரியக் கூடாது என்பதற்காக அக்காவின் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அவர் படகில் எடுத்த படங்களில் மீன் மாறும், ஆள் மாறுவார், பின்னால் இருக்கிற நீலப் பூ மட்டும் மாறாது.

நான் துறையில் படகு கழுவுகிறேன். ஏழில் ஐந்து படகு என் கையில். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு சிப்பி பொறுக்கப் போனதால், அந்த ஓடைகளில் எந்தச் சேறு எங்கே இருக்கும் என்று தெரியும். மஞ்சள் சேறு ஆற்றுப் பக்கம். மணல் கலந்திருந்தால் முகத்துவாரம். கறுப்பாக அழுகிய இலை நாற்றம் அடித்தால் பெரிய காட்டின் நடுப்பகுதி. ஐந்து பேரும் எங்கே போய்விட்டு வருகிறார்கள் என்று அவர்கள் படகிலேயே இருக்கும். கழுவி விட்டுவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

மாமாவுக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. துறைக்கு வரும் முன் காயலிலேயே நிறுத்தி, வாளியில் மொண்டு ஊற்றிப் படகைப் பாதி கழுவிக்கொண்டு வருவார். ஆனால் கோலின் அடியில் கவட்டை மாதிரி ஒரு பாதம் இருக்கும், சேற்றில் அதிகம் புதையாமல் இருக்க. அதன் இடுக்கில் இருப்பதை அவர் பார்ப்பதில்லை. நீலக் கறுப்புச் சேறு, அதில் அரிசி அரிசியாக வெள்ளை ஓடு. அது மூன்றாவது தீவுக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஓடையில் மட்டும்தான் உண்டு. அம்மா அதை அரிசி ஓடை என்பாள். சிப்பி எடுக்கும் வேலை நின்றுபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அந்தப் பக்கம் போக யாருக்கும் வேலை இல்லை. மாமா அதை எப்படிக் கண்டுபிடித்தாரோ.

அதற்கு முன்னால் அவருக்கு வேறு இடம் இருந்தது. அது போனது அக்காவால். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் மாமா நான்கு மணி நேரம் தாமதம். அக்கா பயந்துபோய் சூப்பர்வைசரிடம் அழுதாள். அப்போதெல்லாம் மாமா அவளிடம் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ஐந்து படகு தேடிக்கொண்டு போனது. தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்திருக்க, மாமாவும் வந்த ஆட்களும் சாவகாசமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். "தண்ணி வந்தா நானும் வரப்போறேன். இதுக்கு எதுக்கு ஊர்வலம்?" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் அந்த ஓடையில் தினமும் நான்கு படகு. அதற்கடுத்த மாதம் மீன் இல்லை. மாமா அந்த வருடம் முழுக்க இன்ஜின் பழுதுபார்க்கும் கடையில் கூலிக்கு வேலை செய்தார். அக்காவைத் திட்டவில்லை. எங்கே போகிறேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் மாமாவின் கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியிலிருந்து ஒரு நூல் பிரிந்து கோலில் மாட்டி இழுத்தது. தடவிப் பார்த்தேன். கைப்பிடிக்கு ஒரு முழம் கீழே, தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பக்கத்திலேயே கொட்டகையில் புதுக் கோல் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. பழைய மஞ்சள் நைட்டித் துணியைக் கிழித்து விரிசல் மேல் இறுக்கக் கட்டிவிட்டு வந்தேன். காலையில் பார்த்துப் புதுக் கோலை எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மாமாவிடம் நேரில் போய்ச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் மாமா பல் டாக்டரை ஏற்றிக்கொண்டு போனார். எழுபதை நெருங்கும் மனிதர், வருடத்துக்கு மூன்று முறை வருவார், மாமாவைத் தவிர வேறு படகில் ஏற மாட்டார். பலகையில் மாமாவின் கையெழுத்து நேராக இருந்தது. வடக்கு முகத்துவாரம். இரண்டு பேர். ஒரு மணி.

ஒரு மணிக்கு வரவில்லை. ஒன்றரைக்கு அக்கா துறைக்கு வந்து ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"வருவார் சார். மீன் கடிச்சிருக்கும்."

"தேட ஆள் அனுப்பட்டுமா?"

"வேண்டாம் சார்." அக்கா ரொம்ப வேகமாகச் சொன்னாள்.

அன்றைக்குப் பெருந்தண்ணீர் பதினொரு மணிக்கு. அதன் பிறகு இறங்கத் தொடங்கிவிடும். படகுத்துறைத் தூணில் ஈரக்கோடு ஒவ்வொரு விரலாகத் தெரிந்துகொண்டே வந்தது. நான் ரேடியோவின் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பன்னிரண்டுக்கே திரும்பிவிட்டார். அழுக்குத் தண்ணீரைக் கொட்டக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே வேலியோரம் மஞ்சளாக ஏதோ கிடந்தது.

என் நைட்டித் துணிதான். முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. கத்தியால் அறுத்து வீசியிருந்தது.

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். புதுக் கோல் சாய்த்து வைத்த இடத்திலேயே நின்றது.

துணியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "அக்கா, மாமா பழைய கோலைக் கொண்டுபோயிருக்கார். அது விரிஞ்சிருந்துச்சு. நான்தான் அடையாளம் கட்டி வச்சேன். அறுத்துப் போட்டிருக்கார்."

"கோல் உடைஞ்சா என்ன. தண்ணி திரும்புற வரைக்கும் உக்காந்திருப்பார். ஒன்பது மணிக்கு வந்து நிப்பார், பாரு."

"மேடை மேல நின்னு முழுப் பாரத்தையும் போட்டு ஊனுறப்ப உடைஞ்சா?"

அக்கா காயலைப் பார்த்தாள். "எங்க இருக்கார்னு யாருக்குத் தெரியும்" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் கோபம்தான் இருந்தது. "உன்கிட்ட சொன்னாரா?"

"இல்லக்கா. கோல் அடியில இருக்கற சேறு."

"மெதுவாப் பேசு" என்றாள். சுற்றிலும் பார்த்தாள். சூப்பர்வைசர் பலகைக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். மூன்று படகுக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வேறெங்கோ பார்ப்பது போல் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். "போன தடவை நான் வாயைத் திறந்தேன். என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். சும்மா தண்ணி வத்தித்தான் நிக்கிறார்னா? மறுபடியும் ஸ்பேனர் பிடிக்கப் போவாரா இந்த வயசுல? அந்த மனுஷனுக்குன்னு இருக்கறது இப்ப அந்த ஒரு இடம்தான்டி."

"நாலு மணிக்கு மேல அந்த ஓடைக்குள்ள படகு நுழையாது. அப்புறம் ஒன்பது மணிதான்."

"இப்ப மணி என்ன?"

"ரெண்டு இருபது. போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும்."

அக்கா துணியை என் கையிலிருந்து வாங்கினாள். விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். தூணைப் பார்த்தாள். கடைசியில், "யார் படகு வேகம்?" என்று கேட்டாள்.

"ரேடியோ அண்ணனோடது."

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு இவர் ரெண்டு வருஷமா ஊரைச் சுத்திச் சுத்திப் போனாரோ, அவனா?" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "கூப்பிடு. நீயும் போ. வழி உனக்குத்தான் தெரியும்."

ரேடியோவிடம் நான் அதிகம் விளக்கவில்லை. மாமாவைத் தேடிப் போக வேண்டும், எனக்கு இடம் தெரியும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட, நீ பேசுவியா தங்கச்சி?" என்றார். ஆனால் பேசிக்கொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்டார். சூப்பர்வைசர் பலகையைக் காட்டினார். "எழுதிட்டுப் போ." ரேடியோ திரும்பாமலே, "நீங்களே ஏதாவது நல்லதா எழுதிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு இன்ஜினை முடுக்கினார்.

காயலின் நடுவில் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். "கொக்கண்ணன் உக்காந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுட்டு இருப்பார். என்னைப் பார்த்தா அந்த டப்பாவையே தூக்கி எறிவார். இன்னைக்குக் காலைலயே என் மேல கோபம். கொட்டகைப் பக்கம் போனேன், 'துணி கட்டுற விளையாட்டையெல்லாம் வேற எவன்கிட்டயாவது வச்சுக்கோ'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. சரி, பெரிய மனுஷன், ஏதோ சொல்றார்னு சிரிச்சுட்டு வந்துட்டேன்."

படகுக்காரர்களுக்குள் இப்படி ஒரு விளையாட்டு உண்டு. அடுத்தவரின் கோலிலோ பெட்ரோல் குழாயிலோ ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். எங்கே ஓட்டை, எங்கே விரிசல் என்று அவர் அரை மணி நேரம் தடவிக்கொண்டிருப்பார். அதற்குள் இவர்கள் கிளம்பிவிடுவார்கள். போன மாதம் ரேடியோதான் ஒருவருக்கு அப்படிக் கட்டினார். அது எனக்குத் தெரியும். முடிச்சுப் போட்டபோது நினைவுக்கு வரவில்லை.

"அது நான் கட்டின துணி" என்றேன். "கோல் நிஜமாவே விரிஞ்சிருந்துச்சு."

ரேடியோ என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அதன் பின் மூன்றாவது தீவு வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

தீவைச் சுற்றியதும் இன்ஜின் சேற்றைத் தொட்டு இருமியது. ரேடியோ அதைத் தூக்கிவிட்டு மேடையில் ஏறினார். நான் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டு வந்தேன். வேர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நான் கடைசியாக வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. ஓடையின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் அடர்த்தியாக இலைதான் இருந்தது.

"இங்க வழியே இல்லையே தங்கச்சி."

தண்ணீரைப் பார்த்தேன். இலைச் சுவருக்கு அடியிலிருந்து நுரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தது. கையை விட்டு இலையைப் பற்றி இழுத்தேன். வெட்டிய கிளைகள். கயிற்றில் கோத்து, கதவு மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார் மாமா. கயிற்றை அவிழ்த்ததும் சரிந்து ஒதுங்கியது. ரேடியோ, "அடப்பாவி மனுஷா" என்று மெதுவாகச் சொன்னார்.

உள்ளே நிழல். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இருந்தது, வேகமாக வடிந்துகொண்டிருந்தது. மணி மூன்று பத்து. இரண்டு வளைவு தாண்டியதும் சத்தம் கேட்டது. தகரத்தில் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. கூப்பிடத் தொண்டை இல்லாதவர் தட்டுகிற மாதிரி இருந்தது.

ஓடை அகன்று குளம் போல் ஆகிற இடத்தில் மாமாவின் படகு ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. பல் டாக்டர் அதன் விளிம்பில் உட்கார்ந்து போன் பெட்டியைத் தூண்டில் கம்பின் அடியால் தட்டிக்கொண்டிருந்தார். மறுகையால் மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். மாமா இடுப்பு வரை சேற்றில் இருந்தார். தலையும் மார்பும் படகின் மேல். முகம் சாம்பல் நிறம். கோலின் கீழ்ப்பாதி சேற்றில் ஊன்றியபடியே நின்றது. மேல்பாதி படகுக்குள் கிடந்தது, அதன் முனை பிளந்து சிவப்பாக இருந்தது.

"தொடையில இறங்கிடுச்சு" என்றார் டாக்டர். குரல் கரகரவென்று இருந்தது. "இறுக்கிக் கட்டியிருக்கேன். மேல தூக்க எனக்குத் தெம்பு இல்ல. போன் பெட்டிச் சாவியும் சேத்துல போயிடுச்சு. பல்லுன்னா சொல்லு, தைரியமாச் செய்வேன். தொடையைப் பத்திப் படிச்சு நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா."

கட்டியிருந்தது அக்காவின் படுக்கை விரிப்பு. நீலப் பூக்களில் பாதி வேறு நிறமாகிவிட்டன.

மாமா கண்ணைத் திறந்தார். முதலில் ரேடியோவைத்தான் பார்த்தார். "உன்னை யாரு இங்க கூட்டிட்டு வந்தது" என்றார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வந்தேன் கொக்கண்ணே. நீங்க வாயை மூடிக்கிட்டு வாங்க."

அப்புறம் மாமா என்னைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவரைச் சேற்றிலிருந்து உருவி ரேடியோவின் படகில் ஏற்ற இருபது நிமிடம் ஆனது. சேறு அவர் கால்களை விடவே இல்லை. ஒரு கட்டத்தில் அவர் கத்தினார். மாமா கத்தி அன்றுதான் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. இரண்டு பேர் பாரத்தில் படகு தரை தட்டியது. ரேடியோ தன் ஐஸ் பெட்டியைத் தூக்கி வெளியே போட்டார். உபரி பெட்ரோல் கேன், மேஜை மாதிரி இருந்த பெரிய இருக்கை, எல்லாம் போயின. பிறகு இறங்கித் தோளைக் கொடுத்தார். ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. அவர் கால் தொடை வரை புதைந்துவிட்டது.

"ஆகாது" என்றார். "தங்கச்சி, ஆகாது."

அப்போது என் காலுக்கு அடியில் நறநறவென்று இருந்தது. சிப்பி ஓடு. அம்மா எப்போதும் இடது கரையை ஒட்டித்தான் நடப்பாள். அங்கே ஒரு பாயின் அகலத்துக்குத் தரை கெட்டியாக இருக்கும், வாய் வரைக்கும். பக்கவாட்டில் வேர் உரசும், அதனால் படகு ஓட்டுகிற யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

"இந்தப் பக்கம் வாங்க அண்ணே. வேரைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

"அங்க படகு கிழிஞ்சிடும்."

"கிழியட்டும்."

அவர் வந்தார். கெட்டித் தரையில் கால் பட்டதும் ஒரு மாதிரி மூச்சு விட்டார். நான் முன்கயிற்றை இழுக்க, அவர் பின்னால் தள்ள, படகு வேர்களில் கீறிக்கொண்டே நகர்ந்தது. டாக்டர் மாமாவின் தொடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "தூங்காதே, என்னைப் பாரு, என்ன மீன் அது, எத்தனை கிலோ இருக்கும் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாமா ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிலோ சொன்னார். வாய்க்கு வெளியே படகு மிதந்தபோது மணி நான்கை நெருங்கியிருந்தது. எனக்குப் பின்னால் ஓடையில் சேறு மட்டும் பளபளத்தது.

ஒன்பது மணி வரை விட்டிருந்தால் பேச்சே இல்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, கைக்குள் இருந்த மஞ்சள் துணியால் முகத்தைத் துடைத்தாள். அது இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

கால் பிழைத்தது. ஆனால் முட்டி முழுதாக மடங்கவில்லை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. மேடையில் ஏறி நிற்கிற பேச்சுக்கே இடமில்லை என்றார் மருத்துவமனை டாக்டர். மூன்றாவது வாரம் நான் போனபோது மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம் போல வாசற்படி அருகே நின்றேன்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா, மாமா."

"இனிமே எதுவா இருந்தாலும் வாயால சொல்லு. துணி கட்டாதே" என்றார். பிறகு, "ரேடியோ படகுல என்ன சேறு வருது?" என்றார்.

அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். தினமும் ரேடியோவின் படகு வந்ததும் நான் முதலில் பார்ப்பது கோலின் பாதத்தைத்தான். மாமாவின் படகை எடுத்து வர மறுநாள் பெருந்தண்ணீரில் ரேடியோ தனியாகப் போனார், யாரையும் துணைக்குச் சேர்க்கவில்லை. அந்தக் கிளைக் கதவையும் திரும்பக் கட்டிவிட்டு வந்தாராம். துறையில் எல்லோரும் எங்கே, எங்கே என்று அவரைக் குடைந்தார்கள். "சொன்னா நம்பணும். வடக்கு முகத்துவாரம்" என்றார். மறுபடி கேட்டால், "பலகையில எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா" என்றார்.

"மஞ்சள் சேறு மாமா. தினமும் ஆத்துப் பக்கம்தான்."

மாமா தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. பொய்யே எழுதிப் பழகிய மனிதர்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா துறைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "இவரைக் காணோம். கடைத்தெரு வரைக்கும்னு போனவர், ரெண்டு மணி நேரமாச்சு. ஊன்றுகோலோட எங்க விழுந்து கிடக்கிறாரோ. நீ பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. காலையில் ரேடியோ பல் டாக்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பியதைத்தான் பார்த்தேன். படகில் இரண்டே பேர். டாக்டர் எப்படி ரேடியோவின் படகில் ஏறினார் என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பலகையைப் பார்த்தேன். ரேடியோவின் கோணல் எழுத்து. வடக்கு முகத்துவாரம். ஒரு மணி. அதற்கு நடுவில், மூன்று பேர்.

ஆள் கணக்கில் மட்டும் எங்கள் துறையில் யாரும் பொய் எழுதுவதில்லை.

"ஒரு மணிக்கு வந்துடுவார்க்கா" என்றேன்.

அக்காவும் பலகையைப் பார்த்தாள். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாள். தூணில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. அக்கா இரண்டு முறை எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரேடியோவின் இன்ஜின் சத்தம் கேட்டது. துறைக்கு வந்தபோது படகில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"அண்ணி, வீட்டுக்குப் போங்க" என்றார் ரேடியோ. "உங்க வீட்டுக்குப் பின்னால காயல் கரையில ஏதோ கொக்கு இறங்கினாப்ல இருந்துச்சு."

அக்கா அவரைத் திட்டிக்கொண்டே வேகமாக நடந்தாள்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினேன். கோலின் பாதத்தில் நீலக் கறுப்புச் சேறு, வெள்ளை ஓடு. முன்பக்கப் பலகையில், உட்கார்ந்தபடி கை காட்டுகிற ஒருவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அதே சேறு திட்டாகக் காய்ந்திருந்தது. அதில் வட்டமாகக் காசு அளவுக்கு ஒரு குழி, ஊன்றுகோல் முனை பதிந்தது. நிழலில் இருந்த மற்ற படகுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து இந்தப் பக்கமாக வரத் தொடங்கினார்கள். நான் அந்த இடத்திலிருந்தே கழுவ ஆரம்பித்தேன்.